வாசலில் ஒரு எண்ணெய்ப் பொட்டு

1982 பொங்கலில் இருந்து வைகாசி வரைக்கும் எங்கள் வாசலில் அம்மா போட்ட கோலமெல்லாம் ஒரு பக்கம் கடித்த அப்பளம் மாதிரிதான் இருக்கும். கோலம் வளைந்து வருகிற இடத்தில் அப்பாவின் புல்லட் நிற்கும். அது நின்ற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. சாணி கரைத்துத் தெளித்தால் அந்த இடத்தில் மட்டும் ஒட்டாமல் முத்து முத்தாக உருளும். அம்மா கறைமண்ணைச் சுரண்டி எறிந்துவிட்டுப் புது மண் போட்டு மெழுகுவாள். மறுநாள் விடியும்போது பொட்டு வைத்த மாதிரி மறுபடியும் கறுப்பாக மின்னும். கடைசியில் ஒரு டால்டா டப்பாவைக் கொண்டுவந்து என்ஜினுக்கு அடியில் வைத்தாள். பார்க்கிறவர்களுக்கு வண்டியில் பால் கறக்க வைத்தது போல இருக்கும்.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற ரோட்டில் பாதி வழியில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் ஊர். அப்பாவுக்குப் பருத்தித் தரகு. மாசி பிறந்தால் ஊர் ஊராகப் போய், செடியில் வெடித்து நிற்கிற பருத்தியை ஒரு சுளை பிய்த்து, விரலில் இழுத்துப் பார்த்து விலை சொல்ல வேண்டும். அதற்காக ஏலத்தில் எடுத்த வண்டி அது. என்னைவிட எட்டு வயது மூத்தது. மெட்ராஸ் திருவொற்றியூரில் 1955-ல் என்ஃபீல்டு கம்பெனி தொடங்கிய புதிதில் இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து சாமான்கள் கப்பலில் வந்து இறங்கி, இங்கே பூட்டப்பட்டு வெளியே போகும். பிறகு எல்லாவற்றையும் இங்கேயே வார்க்க ஆரம்பித்தார்கள். ரெட்டிச்சுக்காரர்கள் 1967-ல் கடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்கள்; திருவொற்றியூரில் மட்டும் வண்டி வந்துகொண்டே இருந்தது. அப்பா இதைச் சொல்லும்போது, பெற்றவர்கள் கைவிட்ட பிள்ளையைத் தானே எடுத்து வளர்க்கிற மாதிரி ஒரு குரல் வரும்.

கரிசலில் ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் வண்டிக்கு விடுமுறை. இந்த மண் நனைந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். பத்தடி போவதற்குள் காலுக்கு ஒரு மரக்கால் மண் ஏறிவிடும். மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோனால் மட்கார்டுக்குள் மண் அடைத்து, சக்கரம் சுற்றாமல் அப்படியே நிற்கும். அந்த வருஷமும் இரண்டு மாதம் தொழுவத்துத் தாழ்வாரத்தில் சாக்குப் போட்டு மூடி நிறுத்தியிருந்தார் அப்பா. அத்தைக்கு ‘நாள் தள்ளியிருக்கு’ என்று கடிதம் வந்ததும் அந்தக் கார்த்திகையில்தான். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து வந்த சேதி. ஆச்சி அந்தக் கடிதத்தை என்னை மூன்று தரம் வாசிக்கச் சொன்னாள்.

தை பிறந்து வண்டியை வெளியே எடுத்தபோது ஆரம்பித்தது ஒழுகல்.

மெக்கானிக்குக்குக் கோவில்பட்டி பஜாரில் ஒரு தகரக் கொட்டகை. முன்னால் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். அந்தப் பழக்கத்தில் எப்போதும் ஒரு மூட்டை நூல் வேஸ்ட் வைத்திருப்பார். எங்கள் மண்ணில் விளைந்த பருத்தி மில்லுக்குப் போய், நூலாகத் தேறாத கழிவு மறுபடி எங்கள் வீட்டு வண்டியைத் துடைக்க வரும். அவரும் அப்பாவும் ஒருவரையொருவர் ‘அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். யார் மூத்தவர் என்பது இரண்டு பேருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

முதல் தடவை வந்து ராக்கர் மூடி பேக்கிங்கை மாற்றினார். ஒழுகியது. அடுத்து டேப்பட் மூடி. ஒழுகியது. மாசிக் கடைசியில் டைமிங் மூடியையும் கழற்றிப் பார்த்தாகிவிட்டது. இதற்குள் அப்பாவின் வலது கால் வேட்டி ஓரத்துக்கு நிரந்தரமாக ஒரு கறுப்புக் கரை விழுந்திருந்தது. “ரெண்டு பக்கமும் கரை போட்ட வேட்டி கேட்டேன், கம்பெனிக்காரன் ஒரு பக்கந்தான் போட்டிருக்கான்” என்று கேட்பவர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பங்குனியில் என்ஜின் தலைக்குக் கீழேயும் எண்ணெய் பூக்க ஆரம்பித்தது. புகைக்குழாய்ச் சத்தத்தோடு சேர்ந்து ‘புஸ் புஸ்’ என்று இன்னொரு சத்தம். மெக்கானிக் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “ஹெட்டு கேஸ்கட்டு அண்ணாச்சி. எறக்கித்தான் ஆகணும்” என்றார்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, களத்து ஓரத்து வேப்பமர நிழலில் வேலை தொடங்கியது. நான் பத்து வயதின் முழுப் பொறுப்போடு பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் எல்லோரும் தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள். ஏஜென்ட் கொடுத்துவிட்டுப் போகும் சீவல்களை அம்மாவும் அக்காவும் மடக்கி, பசை தடவி, குரோஸ் கணக்கில் திருப்பிக் கொடுப்பார்கள். ஒட்டியதில் கோணலானவை எனக்கு. மெக்கானிக் கழற்றுகிற ஒவ்வொரு நட்டையும் வாஷரையும் அந்தப் பெட்டிகளில் போட்டு வைப்பது என் உத்தியோகம். மயில் படம் போட்ட பெட்டியில் ராக்கர் நட்டுகள். தாமரையில் மூடி போல்ட்டுகள். ஒட்டகத்தில் தலை நட்டுகள். பெட்டிகளைக் கழற்றிய வரிசையில் கோணிச் சாக்கில் அடுக்க வேண்டும். மாட்டும்போது பின்னாலிருந்து எடுத்துக்கொண்டு வந்தால் தப்பே வராது.

“கழட்டத் தெரிஞ்சவன் நூறு பேரு இருக்கான். அடுக்கத் தெரிஞ்சவந்தான் மெக்கானிக்கு” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. பஜாரிலிருந்து வாங்கி வந்த கடலைமிட்டாயில் ஒரு துண்டும் கிடைத்தது. இப்போது புவிசார் குறியீடு வாங்கிவிட்ட அதே கோவில்பட்டிக் கடலைமிட்டாய்தான். அன்றைக்கு அது எண்ணெய்க் கையால் கொடுத்த கூலி.

பெட்ரோல் டேங்கைக் கழற்றிக் கயிற்றுக் கட்டிலில் சாய்த்து வைத்தார்கள். ராக்கர்களை எடுத்ததும் இரண்டு புஷ்ராடுகளை மெல்ல உருவி வெளியே எடுத்து, இது இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம் என்று சாக்கில் கிடத்தினார். தலை நட்டுகளை ஒரேயடியாகத் தளர்த்தவில்லை. ஒன்றைக் கால் சுற்று, எதிர் மூலையில் இருப்பதைக் கால் சுற்று. பிறகு மரச்சுத்தியால் நாலு பக்கமும் தட்டினார். பலாச்சுளையைப் பிரிக்கிற மாதிரி ஒரு சத்தத்தோடு தலை கழன்று வந்தது. உள்ளே பிஸ்டன் உச்சியில் கரி படிந்து, அடுப்படிச் சட்டியின் அடிப்பக்கம் போல இருந்தது. “எழுபது மில்லி அகலம், தொண்ணூறு மில்லி இறக்கம்” என்று கிணற்றுக்கு அளவு சொல்வதுபோலச் சொன்னார். வாயகலத்தைவிட ஆழம் கூடினதால்தான் புல்லட்டுக்கு அந்த நிதானமான அடி என்பது எனக்குப் பல வருஷம் கழித்துப் புரிந்தது.

இந்த இடத்தில்தான் நான் ஒரு காரியம் செய்தேன். தீப்பெட்டியின் அடிப்பெட்டி இரண்டு பக்கமும் வழுக்கி வெளியே வரும் அல்லவா? ஒட்டகப் பெட்டியைப் பெருமையாகக் கையில் தூக்கியபோது மறுபக்கம் திறந்துகொண்டது. நட்டுகள் சாக்கில் சிதறின. ஒன்று மட்டும் துள்ளி, களத்தைத் தாண்டி, எங்கள் புஞ்சையின் வெடிப்புக்குள் போய்விட்டது.

சித்திரை மாதத்துக் கரிசல் வெடிப்பைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். மழையில் உப்பின மண் வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கும். என் கை தோள்வரைக்கும் உள்ளே போகும். அதற்குக் கீழேயும் இருட்டாகத்தான் இருக்கும். பூரான் இருக்கும், தேள் இருக்கும், பாதாளம் இருக்கும் என்று ஆச்சி சொல்லியிருக்கிறாள். அப்பாவும் மெக்கானிக்கும் டீ குடிக்கத் திண்ணைக்குப் போயிருந்தார்கள். நான் வீட்டுக்குள் ஓடி, உடைந்த ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து எடுத்து வைத்திருந்த காந்தத்தைச் சணலில் கட்டிக்கொண்டு வந்தேன். குப்புறப் படுத்து, வெடிப்புக்குள் இறக்கினேன். மண்ணுக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. மேலே அவ்வளவு வெயில். முதல் இழுப்பில் ஒரு லாட ஆணி வந்தது. என்றோ எங்கள் மாட்டின் காலிலிருந்து கழன்றது. இரண்டாவது இழுப்பில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் கிணுக்கென்று ஒரு சின்ன அதிர்வு சணல் வழியாக விரலுக்கு வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். நட்டு. சட்டையில் துடைத்து ஒட்டகத்துக்குள் போட்டேன். இதை இன்று வரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

தலைக்கும் போருக்கும் நடுவில் இருந்தது ஒரு செம்புத் தகடு. புஷ்ராட் போகிற ஓட்டையை ஒட்டி நூல் கனத்துக்கு ஒரு கறுப்புத் தடம் ஓடியிருந்தது. அந்த வழியாகத்தான் நெருப்பும் எண்ணெயும் வெளியே வந்திருக்கின்றன. புதுசு வாங்க மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது. மெக்கானிக் தகட்டை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். “ஓட்டை விழல. எறுகிப்போச்சு, அவ்வளவுதான். கொல்லாசாரித் தாத்தா உலை வச்சிருக்காரா?”

உலை இருந்தது. கோடையில்தான் அவருக்குக் கொழு அடிக்கிற வேலை அதிகம். ஓலைக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்த தாத்தா தகட்டை வாங்கிப் பட்டறைக்கல்லின் ஓரத்தில் தட்டினார். ‘டிங்’ என்றது. “வெரப்பா இருக்கு” என்று சொல்லி, என்னைத் துருத்திக்கு அனுப்பினார். கருவேலங்கரி சீறிச் சிவந்தது. தகட்டைக் குறட்டில் பிடித்து நெருப்பின் மேல் சுற்றிச் சுற்றிக் காட்டினார். கதவை ஏன் சாத்தச் சொன்னார் என்பது அப்போதுதான் தெரிந்தது. செம்பின் சிவப்பு வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. இருட்டில்தான் நிறம் பார்க்க வேண்டும். முதலில் மயில்கழுத்து நிறம் ஓடியது, பிறகு கறுத்தது, பிறகு வெந்த செங்கல் மாதிரி உள்ளேயிருந்து சிவப்பு கிளம்பியது. “போதும், நிப்பாட்டுய்யா” என்றவர் அப்படியே தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டார்.

நான் பதறிவிட்டேன். கொழுவைச் சுட்டுத் தண்ணீரில் போட்டால் முறுக்கேறும் என்பது எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இளக்க வேண்டிய தகட்டை இப்படிச் செய்யலாமா?

“அது இரும்புக்கு” என்றார் தாத்தா. “செம்பு குணம் வேற. சுட்டுட்டா சாந்தமாயிரும். தண்ணியில போட்டாலும் சாந்தந்தான், போடாட்டாலும் சாந்தந்தான். தண்ணியில போட்டா கரி உரியும், அதுக்குத்தான்.”

தொட்டியிலிருந்து எடுத்தபோது கறுப்பெல்லாம் செதில் செதிலாக உரிந்து, உள்ளே இளஞ்சிவப்பாகத் தகடு வந்தது. பிறந்த பிள்ளையின் உள்ளங்கால் நிறம். மறுபடி கல்லில் தட்டினார். இப்போது ‘தொப்’ என்றது. கூலி கேட்டதற்கு, வண்டி ஓடினால் ஒருநாள் கழுகுமலைக்குக் கூட்டிப்போய்வரச் சொன்னார்.

காகித பேக்கிங் வெட்டுவது தனி வித்தை. கத்தரிக்கோல் இல்லை, அளவு இல்லை. மூடியின் விளிம்பில் எண்ணெய் தடவி, பேக்கிங் பேப்பரை அதன் மேல் விரித்தார். உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்போடு விளிம்பாக ‘டொக் டொக்’ என்று செல்லமாகத் தட்டிக்கொண்டே போனார். இரும்பின் ஓரமே கத்தியாகிப் பேப்பரை அறுத்தது. போல்ட் ஓட்டைகளுக்கு ஒரு சைக்கிள் குண்டை வைத்து ஒரே அடி. வட்டமாகத் துண்டு கழன்று உள்ளே விழும். கடைசி மூடிக்குப் பேப்பர் பற்றவில்லை. சுவரில் தொங்கிய போன வருஷத்துச் சிவகாசி மாதக் காலண்டரைக் கேட்டார். அதில் முருகன் இருந்தார். அம்மா முகத்தைச் சுளித்தாள். “சாமி படத்தத் தொடமாட்டேன் தாயி, தேதி போட்ட பக்கம் மட்டும் போதும்” என்று கெஞ்சி வாங்கி, ஆடி மாதத்தில் வெட்டினார். எங்கள் புல்லட்டுக்குள் ஆடி வெள்ளிகளும் இருந்தன.

இவ்வளவுக்கும் நடுவில் ஆச்சி திண்ணையை விட்டு இறங்கவில்லை. ஆனால் ஒரு கண் வண்டியின் மேலேயே இருந்தது. நானோ அக்காவோ பின்சக்கரப் பக்கம் போனால் போதும், “ஏ, பொறத்தால போகாதீங்க, இந்தப் பக்கம் வாங்க” என்று குரல் வரும். கார்த்திகையிலிருந்தே இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆச்சிக்குப் புல்லட் என்றால் பயம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அத்தை அப்போது பேறுகாலத்துக்கு வந்து உள்வீட்டில் படுத்திருந்தாள்.

தலையை ஏற்றி, நட்டுகளை மூலைக்கு மூலை மூன்று தவணையாக இறுக்கினார். ஒட்டகப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். வெடிப்பிலிருந்து வந்த நட்டு எது என்று எனக்கு மட்டும் தெரியும். டேப்பட்டைச் சரிபண்ணும்போது என் விரலைப் பிடித்து உள்ளே விட்டு, “சுத்திப் பாரு” என்றார். புஷ்ராட் விரலில் லேசாகச் சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஆடக்கூடாது. என்ஜின் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டிய பதம் அது. சுற்றியது. ஆடவில்லை. அந்தக் குளிர்ந்த கம்பி என் விரலில் உருண்டதை இப்போது நினைத்தாலும் விரல் நுனி கூசுகிறது.

அப்பா டிகம்ப்ரஸரைப் பிடித்து, அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, நிதானமாக மிதித்தார். இரண்டாவது மிதியில் பிடித்தது. புஸ் சத்தம் இல்லை. சுத்தமான அடி. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. தாத்தாவைப் பின்னால் வைத்துக் கழுகுமலைக்குப் போய்த் திரும்பினார் அப்பா.

மறுநாள் காலையில் டால்டா டப்பாவில் இரண்டு விரல்கடை எண்ணெய்.

அப்பா எதுவும் பேசவில்லை. டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிக் கோவில்பட்டிக்குப் போனார். மெக்கானிக் பட்டறையைப் பாதியில் போட்டுவிட்டு அவரோடேயே வந்தார். தலையில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. மற்ற எல்லா மூடியும் வியர்த்திருந்தது. வண்டியை ஓடவிட்டுக் குத்தவைத்து ஒரு பீடி முழுக்கக் குடித்தார். பிறகு எண்ணெய் ஊற்றுகிற மூடியைத் திறந்தார். உள்ளேயிருந்து ‘புஸ்’ என்று காற்று அடித்து அவர் பீடியை அணைத்தது.

“அட கோட்டிப் பயலே” என்றார். தன்னைத்தான். “மூச்சு முட்டுது அண்ணாச்சி!”

பிஸ்டன் ஒவ்வொரு முறை கீழே இறங்கும்போதும் 346 சிசி காற்றை என்ஜினின் வயிற்றுக்குள் நெருக்குகிறது. அந்தக் காற்று போக ஒரு ரப்பர் குழாய் உண்டு, பிரீதர். அது அடைத்தால் காற்று வேறு வழி பார்க்கும். பேக்கிங் எங்கே இளைத்திருக்கிறதோ அங்கே எண்ணெயையும் தள்ளிக்கொண்டு வெளியே வரும். எத்தனை கேஸ்கட் மாற்றினாலும் இதுதான் கதை. மெக்கானிக் பின்சக்கரப் பக்கம் போய்ப் படுத்தார். குழாயின் வாய், கரிசல் மண்ணால் அம்மி குழவி போல மழமழவென்று பூசி அடைத்திருந்தது.

“கொளவி! கூடு கட்டியிருக்கு. ஒரு கம்பி எடுடா.”

“கம்பியை எடுத்தா கையை முறிச்சிருவேன்!”

ஆச்சி திண்ணையை விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தாள். கார்த்திகையில், அத்தையின் கடிதம் வந்த வாரம், தாழ்வாரத்தில் அந்தக் குளவி ஈரமண்ணை உருட்டி உருட்டிக் கொண்டுவந்ததை அவள் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை தங்கும். பேறுகாலம் ஆகிற வரைக்கும் யாரும் கை வைக்கக்கூடாது. அதுவும் கரிசல் மண்ணில் கட்டியிருக்கிறது; ஆம்பிளைப் பிள்ளை என்பது அவள் கணக்கு. அப்பா மூன்று மாதமாக வேட்டியைப் பாழாக்கியது, மெக்கானிக் ஆறு தரம் பஸ் ஏறியது, எல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

அப்பா ஆச்சியைப் பார்த்தார். உள்வீட்டு வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அத்தை நின்றாள். மெக்கானிக்தான் முதலில் எழுந்தார். கிளிப்பைத் தளர்த்தி, குழாயைக் கூட்டோடு முழுசாக உருவி, இரண்டு கையாலும் ஆச்சியிடம் கொடுத்தார். பம்புசெட்டுக்காரரிடமிருந்து டீசல் ஹோஸ் துண்டு ஒன்று வாங்கிவந்து மாட்டினார். மூன்று மாதக் கூலியைக் கடைசி வரைக்கும் வாங்கிக்கொள்ளவில்லை. விளக்கு மாடத்தில் குழாய் ஏறியது. டால்டா டப்பா காய்ந்து கிடந்தது. அம்மா அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கோழிக்குத் தண்ணீர் வைத்தாள்.

வைகாசி நடுவில் அத்தைக்குப் பெண் பிள்ளை பிறந்தது. “எண்ணெ பட்டுப்போச்சுல்லா, அதான் மாறிப்போச்சு” என்றாள் ஆச்சி, கொஞ்சமும் அசராமல். பதினாறு கழிந்த அன்று மாடத்திலிருந்து குழாயை எடுத்துவந்து படிக்கல்லில் தட்டினாள். எண்ணெயில் ஊறிய மண் பென்சில் பென்சிலாக உதிர்ந்தது. உள்ளே குளவியும் இல்லை, புழுவும் இல்லை. மண்ணை முருங்கை மூட்டில் போட்டுவிட்டு, குழாயை முந்தானையில் துடைத்து அப்பாவிடம் நீட்டினாள்.

“இந்தா, ஒஞ் சாமான்.”

அப்பா அதை வாங்கி, ஒரு முனையை வாயில் வைத்து, ஊதிப் பார்த்தார்.